தலைப்பெழுத்தும் வேற்றுமைக் குறியும்

நூலொன்றைக் கையில் எடுப்பார் முதற்கண் காண்பது அதன் பாடத்தையன்று. அட்டையில் வரையப்பெற்ற பெயரையே ஆகும். தெருவிற் செல்வோர் கடைப் பலகையையும், சுவரில் தீட்டிய அறிவிப்பையும், திரைப்பட விளம்பரத் தாளையும் அவ்வாறே முதலில் எழுத்தின் தோற்றத்தால் அறிகின்றனர். சொல்லின் பொருள் அதற்குப் பின்னரே உள்ளத்திற் படுகிறது. இவ்விடங்களில் ஆளப்படும் பெரிய எழுத்தினைத் தலைப்பெழுத்து என்றும், நூலின் உள்ளே வரிவரியாக ஓடும் எழுத்தினைப் பாட எழுத்து என்றும் இக்கட்டுரை வழங்கும். தலைப்பெழுத்துள்ளும், தடித்த கோடும் மழுங்கிய முனையும் துள்ளும் நடையும் உடையதாய்க் கையால் வரைந்தாற்போன்று அமைந்த விளையாட்டு வடிவமே ஈண்டு ஆராய்தற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இஃது ஓவியர்க்கும் அச்சகத்தார்க்கும் உரிய பொருள் அன்றோ, இதன்கண் தமிழாராய்ச்சிக்கு வேலை யாது எனச் சிலர் வினவக்கூடும். ஓர் எழுத்தினை எவ்வளவு வளைக்கலாம், எவ்வளவு தடிக்கச் செய்யலாம், எதனை மட்டும் தொடுதல் ஆகாது என்னும் வினாக்கள் வரிவடிவ இலக்கணத்தைச் சார்ந்தவை. அன்றியும், ஓலைச் சுவடியில் எழுத்தாணி விளைத்த மயக்கங்களையே தலைப்பில் தடித்த தூரிகை மீண்டும் விளைவிக்கிறது. ஆதலின் சுவடி பதித்த சான்றோர் பெற்ற படிப்பினை, எழுத்து வரைவோர்க்கும் பயன்படும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதுதலும் வரைதலும்

தமிழில் எழுதுதல் என்னும் சொல் பண்டு தொட்டே இருபொருள் உடையது. மொழியைக் குறியால் பொறித்தலும் எழுதுதலே. உருவத்தைத் தீட்டுதலும் எழுதுதலே. மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர்; கண்ணுக்கு மை எழுதினர்; மடலேறும் தலைவன் தலைவியின் உருவத்தைக் கிழியில் எழுதினான். பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை எழுத்து என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. எனவே, எழுத்தை ஓவியமாகக் கருதி வரைதல் நம் மொழிக்குப் புறம்பான வழக்கம் அன்று. இரு தொழிலுக்கும் ஒரு சொல்லே போதும் என்று நம் முன்னோர் கருதினர்.

இவ்விரண்டினையும் பிரித்து வைத்தது அச்சே எனலாம். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்ட காலந்தொட்டு, ஓரெழுத்து ஒருமுறை வெட்டப்பட்டு உலோகத்தில் வார்க்கப்பட்டபின், அது வரும் இடந்தோறும் அவ்வொரு வடிவமே வருவதாயிற்று. எழுதுவோன் கை இடத்திற்கேற்ப எழுத்தைச் சற்று நீட்டவும் குறுக்கவும் செய்யும்; வார்த்த எழுத்துக்கு அவ்வுரிமை இல்லை. தமிழ் அச்சின் வரலாற்றில் பெரிதும் போற்றப்பட்ட முயற்சிகள் எழுத்தைச் சிறிதாக்கவும் சீராக்கவும் செய்யப்பட்டவையே. குறைந்த தாளில் மிகுந்த பாடம் கொள்ள வேண்டும் என்பது அச்சகத்தின் தேவையாயிருந்தது.

ஆயினும் பெரிய எழுத்துக்கும் ஒரு தேவை இருந்தது. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலிய மக்கட் கதைப் பதிப்புகள் 'பெரிய எழுத்து' என்னும் அடையைத் தம் பெயரோடே தாங்கி வெளிவந்தன. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்க்கும் கண்ணொளி குன்றியவர்க்கும் அவ்வடையே நூலை வாங்கத் தூண்டும் விளம்பரமாயிற்று. எழுத்தின் அளவும் தடிப்பும் படிப்போர் எல்லையை விரிக்கக்கூடியவை என்பதற்கு இப்பதிப்புகள் நல்ல சான்று.

அட்டைக்கும் விளம்பரத்திற்கும் வார்த்த எழுத்துப் போதாதபோது அச்சகத்தார் ஓவியரை நாடினர். ஓவியர் மையால் தலைப்பை வரைந்து கொடுப்பார். அவ்வரைவு துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செய்யப்பெற்று, கோத்த எழுத்தோடு உடன்வைத்து அச்சிடப்படும். சுவரெழுத்தாளர் அளவு நூலடித்துச் சுண்ணச் சுவரில் கட்சிப் பெயரையும் கடைப் பெயரையும் தூரிகையால் தீட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி முதலாகக் கணினியும் அதனைத் தொடர்ந்து பிளக்ஸ் தட்டிகளும் பரவவே, இக்கைத்தொழில் பெரிதும் சுருங்கிற்று. இன்று கைவரைவின் தோற்றத்தைக் கணினி எழுத்துருவே தரவேண்டிய நிலை வந்துள்ளது. ஆதலின் கை தானே அறிந்து செய்தவற்றை எழுத்துருவுக்கு விதியாகச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. அவ்விதி எங்ஙனம் அமைய வேண்டும் என்பதை இலக்கணத்தின் துணைகொண்டு காண்போம்.

வடிவமும் வேற்றுமையும்

தொல்காப்பியர் நூன்மரபில் வரிவடிவம் பற்றிக் கூறுவன மிகச் சில. மெய் புள்ளி பெறும் என்கிறார். எகரமும் ஒகரமும் அவ்வாறே புள்ளி பெறும் என்கிறார். உள்ளே பெறும் புள்ளியொன்றனையும் கூறுகிறார். இறுதியிற் கூறியதற்குப் பொருள் காண்பதில் உரையாசிரியர்கள் வேறுபடினும், ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அகரம் எவ்வாறு வளையும், ககரம் எத்தனைக் கோடுடையது என அவர் யாண்டும் வரைந்து காட்டவில்லை. ஓரெழுத்தை அதனோடு மயங்கக்கூடிய மற்றோர் எழுத்தினின்று பிரித்துக் காட்டும் குறியை மட்டுமே கூறுகிறார். அகரம் ஏறிய ககரத்தையும் தனிக் ககர மெய்யையும் பிரிப்பது புள்ளி. அவர் காலத்தில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்ததும் புள்ளி. நன்னூலாரும் எழுத்துகள் தொன்றுதொட்ட வடிவின என்று பொதுவாகக் கூறிவிட்டு, புள்ளி பெறுவனவற்றையே சிறப்பாக எடுத்தோதுகிறார்.

இதனாற் பெறப்படுவது யாது? இலக்கண நூலார் நோக்கில் எழுத்தின் உயிர்நிலை அதன் முழு உருவத்தில் இல்லை. பிறவற்றினின்று அதனை வேறுபடுத்தும் குறியில் உள்ளது. உருவம் காலந்தோறும் மாறிற்று. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் வெவ்வேறாயிற்று. வேற்றுமை நிலைத்தவரை மொழி மயங்கவில்லை. வேற்றுமை அழிந்த இடத்தே மயங்கிற்று. விளையாட்டுத் தலைப்பெழுத்தினை அளக்கும் கோலும் இதுவே. உருவம் விளையாடலாம், வேற்றுமைக் குறி விளையாடலாகாது.

இக்கொள்கைக்குத் தமிழ் வரிவடிவமே ஓர் அழகிய சான்று தருகிறது. ரகரத்தின் அடியில் உள்ள சாய்ந்த சிறு கோடு அதனைக் காலினின்று பிரிக்கிறது. ஆனால் ரகர மெய்யிலும், ரி, ரீ என்பவற்றிலும் அவ்வடிக்கோட்டை விட்டுக் கால் வடிவத்தின்மேலேயே புள்ளியையும் விலங்கையும் இடும் வழக்கம் கையெழுத்திலும் அச்சிலும் உண்டு. கால் புள்ளி பெறாது, விலங்கும் பெறாது. ஆகையால் அவ்விடங்களில் மயக்கத்திற்கு வழியில்லை. மயக்கமில்லாத இடத்தில் குறியை விட்டும், மயக்கமுள்ள இடத்தில் அதனைக் காத்தும் எழுதுவோர் கை தானே ஒழுங்கு செய்துகொண்டது. இதனினும் நுண்ணிய வடிவமைப்பு விதியைக் காண்டல் அரிது.

ஓலையின் மயக்கம்

ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறுவோர் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. புள்ளி ஓலையைத் துளைக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆதலின் சுவடியில் ஒரு சொல் பரல் எனவும் படிக்கப்படும், பால் எனவும் படிக்கப்படும். கொடு என்பதும் கோடு என்பதும் ஒரே தோற்றத்தின. மலர் என்னும் பெயரும் மலர என்னும் எச்சமும் கண்ணுக்கு ஒன்றே. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இன்று நாம் எழுதும் முறையில் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரோடு வழங்குவதாகும்.

1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலியோர் இம்மயக்கங்களினூடே உண்மைப் பாடத்தைத் தேடிச் சென்றனர். அவர்க்குத் துணைநின்றவை மூன்று: யாப்பு, சூழல், உரை. சீரும் தளையும் குறில் நெடிலைக் காட்டிக்கொடுத்தன. முன்பின் வரும் சொற்கள் பொருளை உணர்த்தின. உரையாசிரியர் எடுத்தாண்ட சொல் பாடத்தை உறுதிசெய்தது.

தலைப்பில் இம்மூன்றும் இல்லை. ஒன்றோ இரண்டோ சொல் தனித்து நிற்கிறது. யாப்பு இல்லை, முன்பின் சூழல் இல்லை, உரை இல்லை. எழுத்து பெரிதாயிருத்தலின் பிழைபட வாசிக்க இடமில்லை என்பார் உளர். அது முழுதும் பொருந்தாது. நூலின் எழுத்தை ஒரு முழத் தொலைவில் வைத்துப் படிக்கிறோம். தெருப்பலகையையோ பல முழத் தொலைவில், ஓடும் வண்டியிலிருந்து, இமைப்பொழுதில் காண்கிறோம். கண்ணிற் படும் அளவை நோக்கின் பெரிய எழுத்தும் ஆங்கே சிறிய எழுத்தே. ஆகவே பாட எழுத்தினும் தலைப்பெழுத்துக்கே வேற்றுமைக் குறி மிகுதியாக வேண்டப்படுகிறது.

தடிப்பால் வரும் மயக்கம்

எழுத்தாணி குறியை இடாமையால் மயக்கம் விளைத்தது. தூரிகை குறியை விழுங்குதலால் விளைக்கிறது. அது நிகழும் முறையைச் சிறிது விளக்குவோம்.

கோடுகளுக்கு நடுவே அகப்படும் வெற்றிடத்தை உள்வெளி எனக் கூறலாம். எழுத்தை நாம் அறிவது கோட்டினால் மட்டுமன்று, உள்வெளியினாலும் ஆம். ஒரு சுழியின் உயரம் 6 கூறு எனக் கொள்வோம். கோட்டின் தடிப்பு 1 கூறாயின், மேற்கோடும் கீழ்க்கோடும் 2 கூறு கொள்ள, உள்வெளி 4 கூறு எஞ்சும். தடிப்பு 2 கூறாயின் உள்வெளி 2 கூறே. தடிப்பு 3 கூறாயின் உள்வெளி அறவே இல்லை. சுழி ஒரு கரும்பொட்டாகிவிடும். டகரம் ஒரு செங்கோடும் ஒரு கிடைக்கோடும் உடையது. அதனை எவ்வளவு தடிக்கச் செய்தாலும் டகரமாகவே நிற்கும். முச்சுழி ணகரமோ தடிப்பு ஏற ஏற இருசுழி னகரத்தை நெருங்குகிறது. பின்னர் இரண்டும் ஒரே கரும்பிழம்பாகின்றன. மணம் மனமாகிறது, ஊண் ஊனாகிறது. ஆகவே ஒரு தலைப்பெழுத்தின் தடிப்பை டகரத்தைக் கொண்டு அளத்தல் தவறு. ணகரத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். ணகரம் தாங்கும் தடிப்பே அவ்வெழுத்துக் குடும்பம் முழுமைக்கும் உரிய எல்லை.

தேர்ந்த ஓவியர் இவ்வெல்லையைப் பல வழிகளால் விரிக்கின்றனர். ணகரத்தை அகலமாக்குவது ஒருவழி. சுழியின் உட்புறம் மட்டும் கோட்டை மெலிவித்து, வெளிப்புறத்தில் தடிப்பைக் காட்டுவது மற்றொரு வழி. சுழியை மூடாது சிறிது திறந்துவிடுவது பிறிதொரு வழி. இம்மூன்றும் உருவத்தை மாற்றுகின்றன; வேற்றுமையைக் காக்கின்றன.

ரகரத்தின் அடிக்கோடும் இவ்வாறே இடர்ப்படுவது. முனைகளை மழுங்கச் செய்து உருட்டும் பாணியில், அச்சாய்ந்த சிறுகோடு சுருங்கிக் காலின் உருண்ட முனையோடு கலந்துவிடும். அப்போது ஓலையில் நிகழ்ந்த பரல்-பால் மயக்கம் அச்சிலும் வந்து நிற்கும். ஏகாரத்தின் அடிக்கோடும் அத்தன்மையதே; அது மழுங்கின் ஏடு எடு ஆகும். ஓகாரத்தின் கீழ்ச்சுழி தடிப்பில் மறையின் ஓடு ஒடு ஆகும். மேல்விலங்கின் நுனிச்சுழி நிரம்பின் மீன் மின் ஆகும்.

ஊகாரமும் ஔகாரமும் தனியே நோக்கத்தக்கன. இரண்டும் தம்முள் ளகரம் போன்ற உறுப்பொன்றனைக் கொண்டவை. அவ்வுறுப்பு சிறிதாயிருப்பதே அது தனி எழுத்தன்று என்பதற்கு அடையாளம். எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் பருக்கச் செய்யும் விளையாட்டு வடிவத்தில் அவ்வுறுப்பும் பெரிதாயின், ஊர் என்பது உளர் என நிற்கும். ஔவை என்பதில் மூன்றெழுத்துத் தோன்றும். கணினியில் இம்மயக்கம் கண்ணளவில் நில்லாது. ஒருங்குறியில் ஔகாரம் ஓர் எழுத்து. ஒகரமும் ளகரமும் சேர்ந்தது இரண்டு எழுத்து. தோற்றம் ஒன்றாயிருத்தலின் ஒருவர் ஒன்றை எண்ணி மற்றொன்றைத் தட்டச்சிடுவர். நூலகப் பட்டியலில் அந்நூலைத் தேடுவார்க்கு அது அகப்படாது போகும்.

புள்ளியின் நிலை இவற்றினும் வேறானது. ஓவியர் மிக விரும்பி விளையாடும் இடம் புள்ளியே. அதனைப் பூவாகவும் விண்மீனாகவும் விளக்காகவும் பந்தாகவும் வரைகின்றனர். இலக்கண நோக்கில் இதற்குத் தடையில்லை. புள்ளி வட்டமாயிருக்க வேண்டும் என்பது விதியன்று. அஃது இருத்தல் வேண்டும், எழுத்தின்மேல் தனித்து நிற்றல் வேண்டும் என்பவையே விதி. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளினும், மேல்வரியின் அடியில் மறையினும், அழகு கருதி விடப்படினும் அகரம் ஏறிய மெய்யாகவே அவ்வெழுத்து படிக்கப்படும். இட நெருக்கடி பற்றிச் சொற்களுக்கிடையே வரும் வல்லொற்றையும் விடுவது தலைப்பு வரைவோரிடையே காணப்படும் மற்றொரு குறை. இது வரைவோர் குறையாகத் தோன்றினும், பெயரை எழுதிக் கொடுக்கும் நூலாசிரியர் பொறுப்பும் ஆகும்.

கைவரைவு எழுத்துருவாதல்

கையால் வரைந்த தலைப்பு ஒருமுறைக்கு உரியது. எழுத்துரு பலமுறைக்கு உரியது. முன்னதனைப் பின்னதாக்குதல் மேலை நாட்டில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. 1922-இல் வெளிவந்த கூப்பர் பிளாக் என்னும் ரோமன் எழுத்து இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதனை அமைத்த ஆசுவால்டு கூப்பர் சிகாகோ நகரில் விளம்பரத்திற்கு எழுத்து வரைந்தவர். மழுங்கிய முனையும் மிகு தடிப்பும் உடைய அவ்வெழுத்து, கைவரைவின் மென்மையை வார்ப்பெழுத்திற்குக் கொணர்ந்து, விளம்பரத்திலும் இசைத்தட்டு உறைகளிலும் கடைப்பலகைகளிலும் பரவிற்று. அதனைப் போன்று தமிழில் வரைவோர் ஒன்றை மறத்தலாகாது. ரோமன் எழுத்துகளில் உள்வெளி பெரும்பாலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. சுழிகள் அடுக்கிவரும் ணகரம் போன்ற அமைப்பு அவற்றில் அரிது. ஆதலின் அத்தடிப்பை அவ்வாறே தமிழுக்கு மாற்றுதல் பொருந்தாது.

இந்திய மொழிகளுக்கு இம்முயற்சி நிகழ்ந்ததற்கு மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவினர் வெளியிட்ட பலூ எழுத்துருக் குடும்பத்தைச் சுட்டலாம். இது இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் தோன்றியது. கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படுவது. உருண்டு தடித்த விளையாட்டு நடை உடையது. எழுத்து முறைகள் பலவற்றிற்கு உரிய வடிவங்களுக்கு அவ்வம் மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் பெயராக இடப்பட்டுள்ளது. தமிழில் தம்பி, தெலுங்கில் தம்முடு, கன்னடத்தில் தம்ம, மலையாளத்தில் சேட்டன் என்பன அவை. தம்பி, தம்முடு, தம்ம என்னும் மூன்றும் ஒரே அடியினின்று கிளைத்தவை என்பது மொழிநூல் கற்பார்க்கு இன்பம் தரும் செய்தி. முதற்கண் ஒரே மிகு தடிப்பில் வந்த இக்குடும்பம், இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிப்புகளாக விரிக்கப்பட்டது. தலைப்புக்கு என எழுந்த எழுத்து, சிறு தொடர்களுக்கும் பயன்படும் நிலையை அடைந்தது இதனால் விளங்கும்.

கைவரைவின் தோற்றத்தை எழுத்துருவில் நிலைநிறுத்துவதில் தமிழுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. கை ஒரே எழுத்தை இருமுறை வரையின் இரண்டும் சிறிதேனும் வேறுபடும். எழுத்துருவில் இரண்டும் அச்சொத்து நிற்கும். தமிழிலோ ஒரே மெய் அடுத்தடுத்து வருதல் மிகப் பெரிது. அக்கா, பச்சை, பட்டம், முத்து, அப்பம், கற்றல் எனச் சொல்லுக்குள்ளும், வல்லினம் மிகும் புணர்ச்சியிற் சொற்களுக்கிடையும் இரட்டிப்பு வருகிறது. அவ்விடந்தோறும் ஒரே வடிவம் இருமுறை பக்கத்தில் நிற்க, கைவரைவென்னும் தோற்றம் கலைந்துவிடும்.

இதற்குத் தீர்வை மெய்ம்மயக்க இலக்கணமே காட்டுகிறது. ரகர ழகரங்கள் ஒழிந்த 16 மெய்களும் தம்மொடு தாம் மயங்கும். ரகர ழகரங்கள் தம்மொடு தாம் மயங்கா. எனவே மாற்று வடிவம் இன்றியமையாது வேண்டப்படுவன 16 எழுத்துகளே. மேலும், இரட்டிப்பில் முன்னின்ற மெய் எப்போதும் புள்ளியுடையது; பின்னின்றது எப்போதும் உயிர் ஏறியது. ஆதலின் புள்ளியுடைய வடிவத்தை, புள்ளியில்லாத வடிவத்தின்மேல் ஒரு புள்ளியை வைத்து அமைக்காமல், தனியே புதிதாக வரைந்துவிட்டால் போதும். ககர மெய் ஒருவகையாகவும் ககர உயிர்மெய் மற்றொருவகையாகவும் சிறிது வேறுபட்டு நிற்க, அக்கா என்பதில் இரண்டும் கையால் வரைந்தனவே போலத் தோன்றும். க, ச, த, ப என்னும் நான்கும் தமிழ்ச் சொற்களில் தம்மொடு மட்டுமே மயங்குவன. அவற்றின் புள்ளி வடிவம் வரும் இடமெல்லாம் இரட்டிப்பு இடமே. சூழலறிந்து வடிவத்தை மாற்றும் விதிகளை எழுத்துருவில் அமைக்கும் வசதி இன்றுள்ளது. ஆயினும் அவ்விதி எதுவும் இன்றியே பெரும்பயன் தரும் எளிய வழி இது. எழுத்துரு வரைவார் எண்ணிப் பார்த்துக் கண்டறிய வேண்டிய பட்டியலை இலக்கணம் என்றோ வகுத்து வைத்துள்ளது.

பழைய வடிவும் புதிய வடிவும்

1935-இல் பெரியார் ஈ. வெ. ரா. தம் இதழ்களில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணகர, றகர, னகரங்கள் காலோடு கூடுங்கால் பெற்ற வளைந்த வடிவங்களும், ணகர, லகர, ளகர, னகரங்கள் ஐகாரம் ஏறுங்கால் பெற்ற தும்பிக்கை வடிவங்களுமாக 13 எழுத்துகள் இதனால் மாறின. அச்சுக் கோப்போர்க்கும் தட்டச்சுப் பொறிக்கும் எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் இதன் பயன்களுள் ஒன்று.

கையால் தலைப்பு வரைவோர்க்கு இவ்வெண்ணிக்கைச் சுமை என்றும் இருந்ததில்லை. தூரிகைக்கு எழுத்துப் பெட்டி இல்லை. ஆதலின் தலைப்பில் எவ்வடிவம் ஆளப்பட்டது என்பது பாட எழுத்தின் வரலாற்றோடு முற்றும் ஒத்துச் செல்ல வேண்டுவதில்லை. நூல்களின் பதிப்பு வரலாற்றை ஆராயும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தும்பிக்கை வடிவம் அட்டையிற் காணப்படுதல் ஒன்றே பற்றி அந்நூல் 1978-க்கு முற்பட்டது எனத் துணிதல் ஆகாது. சீர்திருத்த வடிவம் காணப்படுதல் ஒன்றே பற்றி அது 1978-க்குப் பிற்பட்டது எனத் துணிதலும் ஆகாது. சுயமரியாதை இயக்க வெளியீடுகள் அவ்வடிவத்தை 1935 முதலே ஆண்டன. முகப்புப் பக்கமும் பாட எழுத்தும் அச்சக விவரமும் ஒருங்கு நோக்கியே காலம் காணத்தக்கது.

இன்று புதிதாக வரையும் எழுத்துருவில் பழைய வடிவத்தைச் சேர்க்கலாமோ எனின், அழகு கருதிச் சேர்க்கலாம். அதனையே முதல் வடிவமாக்குதல் தகாது. 1978-க்குப் பின் பள்ளியிற் சேர்ந்தோர்க்கு அது கற்பிக்கப்படாத வடிவம். அவர்க்கு வேற்றுமைக் குறி விளங்காத எழுத்து, இல்லாத எழுத்தோடு ஒக்கும்.

பயன்படும் இடம்

எண்வகை மெய்ப்பாட்டுள் தொல்காப்பியர் முதற்கண் வைப்பது நகை. அதற்கு அவர் கூறும் நான்கு நிலைக்களங்களுள் இளமையும் ஒன்று. உருண்டு தடித்துத் துள்ளும் எழுத்து குழந்தையின் கையையும் உடலையும் நினைப்பூட்டுதலின், அது தரும் மெய்ப்பாடு இளமையிற் பிறந்த நகையாகும். சிறுவர் நூல், நகைச்சுவை நூல், தின்பண்ட விளம்பரம், பள்ளி விழா அழைப்பு, மக்கட்கு உடல்நலம் கற்பிக்கும் சுவரொட்டி ஆகியவற்றிற்கு அது பொருந்தும். இரங்கற் செய்தி, சட்ட அறிவிப்பு, ஆராய்ச்சிப் பதிப்பு ஆகியவற்றிற்குப் பொருந்தாது. அணியிலக்கணத்தில் சுவை மாறுபாடு குற்றமாதல் போல, எழுத்தின் நடையும் பொருளின் நடையும் மாறுபடுதலும் குற்றமே.

சிறுவர் நூல் என்பதில் ஒரு வரையறை வேண்டும். கதைநூலின் அட்டைக்குத் துள்ளும் எழுத்துத் தக்கது. எழுத்தறியும் முதற்பாட நூலுக்கு அது தக்கதன்று. குழந்தை இன்னும் எழுத்தின் வேற்றுமைகளைக் கற்றுக்கொண்டிருக்கிறது. எது உறுப்பு, எது அணி என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. நமக்குப் பூவாகத் தோன்றும் புள்ளி அதற்குப் பூவே. வேற்றுமை நன்கு பதிந்த பின்னரே விளையாட்டு விளையாட்டாகச் சுவைக்கும்.

துள்ளும் நடைக்கும் ஓர் எல்லையுண்டு. எழுத்துகளை அடிக்கோட்டினின்று மேலும் கீழும் ஏற்றி இறக்கி நிறுத்துதலால் ஓட்டம் தோன்றும். தமிழில் மேற்பக்கம் விலங்கிற்கும் புள்ளிக்கும் உரியது. கீழ்ப்பக்கம் உகர ஊகாரக் குறிகளுக்கும் ழகரத்தின் வாலுக்கும் உரியது. ஏற்றிய எழுத்தின் வால் அடிக்கோட்டிற்கு மேலே நின்றுவிடினும், இறக்கிய எழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தின் தோளில் மறைந்துவிடினும் வேற்றுமைக் குறி கெடும். எனவே வாலுடையதை மிக ஏற்றாமலும், புள்ளியுடையதை மிக இறக்காமலும் அமைத்தல் வேண்டும்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது: எழுத்தின் உருவம் வரைவோன் உரிமை, எழுத்தின் வேற்றுமை மொழியின் உரிமை. தடிப்பு, சாய்வு, அகலம், முனை, நடை ஆகியவற்றை வரைவோன் தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். புள்ளி, சுழியின் எண்ணிக்கை, கொம்பின் ஒருமை இருமை, ரகர ஏகாரங்களின் அடிக்கோடு, ஊகார ஔகாரங்களின் உள்ளுறுப்பளவு ஆகியவை காக்கப்படல் வேண்டும்.

இதனைச் சோதித்தறிதல் எளிது. புதிய தலைப்பெழுத்து எதனையும் ஏற்குமுன், பரல்-பால், எடு-ஏடு, ஒடு-ஓடு, கொடு-கோடு, மின்-மீன், ஊர்-உளர், மணம்-மனம், மலர்-மலர என்னும் எட்டு இணைகளையும் அதில் அச்சிட்டு, பத்தடித் தொலைவில் நின்று தனித்தனியே படிக்கச் செய்க. படிப்போர் எட்டிலும் மயங்காராயின் அவ்வெழுத்து எத்துணை விளையாட்டாயினும் தமிழெழுத்தே. ஓரிணையில் மயங்குவராயின், அவ்விணையைப் பிரிக்கும் குறியைத் திருத்திய பின்னரே அதனை வழங்குதல் வேண்டும். சுவடிகளிலிருந்து பாடம் தேடுவோர் நாள்தோறும் எதிர்ப்படும் இணைகளே இவை. அவற்றை அறிந்த தமிழ் மாணவர் எழுத்துரு வரைவாரோடு உடனிருந்து பணியாற்றின், ஓலையினின்று அரிதின் மீட்ட வேற்றுமைகள் அட்டையிலும் பலகையிலும் கெடாமல் காக்கப்படும்.